அய்யனுக்கு ஸ்டென்ட் வெச்சு நாலரை மாசமாச்சுங்க, பல்லுப் புடுங்க அஞ்சு நாள் மாத்திரையை நிறுத்தலாமுங்களா?

வெள்ளகோவில் பொண்ணு (செவ்வாய், ராத்திரி 8.10)

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கணக்கு பாக்கறேன். அய்யனும் அம்மாவும் வெள்ளகோவில் பக்கம் தோட்டத்துலதான் இருக்காங்க. அய்யனுக்கு 66 வயசு. தீபாவளி கழிஞ்ச வாரம், வெடியால மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவரு கட்டுத்தரையிலயே நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்துட்டாரு. அட்டாக்குன்னு சொல்லி கோயமுத்தூருக்கு அனுப்புனாங்க, அன்னிக்கே அடைச்ச ரத்தக்குழாய்க்குள்ள ஒரு ஸ்டென்ட் (கம்பிவலைக் குழாய்) வெச்சாங்க. குடுத்த கார்டுல 3 மில்லிமீட்டர் அகலம், 28 மில்லிமீட்டர் நீளம்னு போட்டிருக்கு.

சாப்புடற மாத்திரை: ஆஸ்பிரின் 75 மத்தியானம், டிகாக்ரெலர் 90 வெடியால ஒண்ணு ராத்திரி ஒண்ணு, கொழுப்புக்கு ரோசுவாஸ்டாடின், பிரஷருக்கு ஒண்ணு, வெறும் வயித்துல பான்டோப்ரசோல் 40.

இப்ப கீழ்க் கடவாய்ப்பல் சொத்தையாகி கன்னம் வீங்கிருச்சு. பத்து நாளா சோறு மெல்ல முடியலை, அரிசிம்பருப்பையே கரைச்சுக் குடிக்கறாரு. பக்கத்து ஊர்ல பல் டாக்டர்கிட்டக் காட்டுனோம். "ரத்தம் நிக்காது, ஆஸ்பிரின், டிகாக்ரெலர் ரெண்டு மாத்திரையையும் அஞ்சு நாளைக்கு நிறுத்திட்டுத் திங்கக்கிழமை வாங்க"ன்னுட்டாரு. அப்படிப் பாத்தா நாளைக்கு வெடியால இருந்தே நிறுத்தோணும். எங்க மாமா வேற, "காப்பீட்டுத் திட்டத்துல வெச்சது சாதாக் கம்பிதான், அதுக்கு ஒரு மாசம் மாத்திரை போதும், நாலு மாசத்துல கம்பி ஒட்டியிருக்கும்"ங்கறாரு. அய்யனுக்கு மாத்திரையை நிறுத்தறதுல சந்தோசம்தான். பல்லு வெளக்குனா ஈறுல ரத்தம் வருதுங்கறாரு, ராத்திரி படுத்தா மூச்சு வாங்குதுங்கறாரு.

ஸ்டென்ட் வெச்ச டாக்டரைப் பாக்க வெள்ளிக்கிழமைதான் டோக்கன் கெடைச்சிருக்கு. அஞ்சு நாள் நிறுத்துனா ஒண்ணும் ஆகாதுங்களா? அம்மா பூண்டுப் பால் குடுக்குது, ஈரோட்டுல இருந்து ஒறம்பரை ஒருத்தரு மஞ்சள்ல எடுத்த கேப்சூல் அனுப்பியிருக்காரு. அதெல்லாம் தரலாமான்னும் சொல்லுங்க.

கோபி மருந்துக்கடை (செவ்வாய், ராத்திரி 8.42)

அம்மிணி, நாளைக்கு வெடியால மாத்திரையை நிறுத்தாதீங்க. முதல்ல அய்யனுக்கு போன் போட்டு இதைச் சொல்லிட்டு வந்து மீதியைப் படிங்க.

நான் டாக்டர் இல்லை. கோபியில 24 வருசமா மருந்துக்கடை வெச்சிருக்கேன். சீட்டுப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதும் எங்க ஊட்லயே பட்டதும்தான் சொல்றேன்.

எங்க அண்ணனுக்கும் இதே மாதிரி அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சாங்க. ஏழு வாரத்துல தைப்பூசம் வந்துச்சு. வருசா வருசம் பழனிக்கு நடக்கறவரு, அந்த வருசமும் எங்க பேச்சைக் கேக்காம கெளம்பிட்டாரு. தாராபுரம் தாண்டறதுக்குள்ள ரெண்டு பாதத்துலயும் கொப்புளம் ஒடைஞ்சு ரத்தம் நிக்காம வந்திருக்கு. கூட நடந்தவங்க, "ரத்தத்தை எளக்கற மாத்திரை போடறயில்ல, அதனாலதான்"னு சொல்லியிருக்காங்க. அவரும் ரெண்டு மாத்திரையையும் அன்னிக்கே நிறுத்திட்டாரு. மலையேறிச் சாமி கும்பிட்டு, பஸ்ஸுல ஊட்டுக்கு வந்து, கால் புண்ணு ஆறட்டும்னு மேற்கொண்டும் போடலை. ஆறாவது நாள் ராத்திரி வேர்த்துக் கொட்டி வலி. மறுக்கா ஆஞ்சியோ பண்ணுனா, அதே ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் ஒறைஞ்சு முழுசா அடைச்சிருந்துச்சு. உசுரு தப்புச்சு. ஆனா 55 சதவீதம் இருந்த இருதயப் பம்பிங் 30க்கு எறங்கிருச்சு. எட்டு மாடு வெச்சுப் பால் ஊத்துன மனுசன், இன்னிக்கு ஒரு கொடம் தண்ணி தூக்க முடியாம வாசல்ல கட்டில் போட்டு உக்காந்திருக்காரு. மாட்டையெல்லாம் வித்தாச்சு. கடையில இருந்த எனக்கே, அவரு மாத்திரையை நிறுத்துன விசயம் ஆஸ்பத்திரியில வெச்சுத்தான் தெரியும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகலை. அதனாலதான் சாப்பாட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுதறேன்.

ஏன் அப்படி ஆச்சுன்னு கேளுங்க. உங்க தோட்டத்துல வேலிக்கம்பியை வேப்பமரத்துல அறைஞ்சு கட்டியிருப்பீங்க. நாள்பட நாள்பட மரப்பட்டை வளந்து கம்பியை உள்ள வாங்கிக்கும். ஸ்டென்ட்டும் அப்படித்தான். ரத்தக்குழாயோட உள்தோல் கொஞ்சம் கொஞ்சமா வளந்து கம்பியை மூடோணும். மூடற வரைக்கும் ரத்தத்துக்கு அது வெறுங்கம்பி. வெறுங்கம்பியைப் பாத்தா ரத்தத்துல இருக்கற தட்டணுக்கள், காயம் பட்ட எடம்னு நெனச்சு ஓடி வந்து ஒட்டிக்கும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிரும். 3 மில்லிமீட்டர் குழாய் அடைக்க எத்தனை நேரம் ஆகும், நீங்களே ரோசனை பண்ணிப் பாருங்க.

இந்த மாத்திரைக ரத்தத்தை எளக்கறதில்லை. அந்தப் பேச்சே தப்புங்க, தண்ணி கலந்த மாதிரி நெனச்சுக்கறாங்க. தட்டணு ஒட்டிக்காமப் பண்றதுதான் இதுக வேலை. தட்டணு ஒட்டறதுக்கு ரெண்டு மூணு வழி இருக்கு. ஆஸ்பிரின் ஒரு வழியை அடைக்குது, டிகாக்ரெலரோ க்ளோபிடோக்ரெலோ பிரசுக்ரெலோ இன்னொரு வழியை அடைக்குது. அதனாலதான் ரெண்டு சேத்துக் குடுக்கறாங்க. வால்வு மாத்துனவங்க சாப்புடற அசிட்ரோம் வேற சங்கதி. அதுக்குத்தான் மாசா மாசம் ரத்தம் எடுத்து ஐஎன்ஆர் (ரத்தம் ஒறையற நேரக் கணக்கு) பாக்கறது, இதுக்கு அது கெடையாது.

உங்க மாமா சொன்னதுக்கு வாரேன். கார்டை மறுக்கா எடுத்துப் பாருங்க. ஸ்டென்ட் பேரோட எவரோலிமஸ், சிரோலிமஸ், ஜோட்டரோலிமஸ்னு ஏதாவது எழுதியிருந்தா அது மருந்து தடவுனது. உள்ள சதை எச்சா வளந்து மறுக்கா அடைக்காம இருக்கறதுக்குத்தான் அந்த மருந்து, ஆனா அதே மருந்து உள்தோல் மூடறதையும் மெதுவாக்கும். ஒரு மாசக் கணக்கு, அட்டாக் வராம நிதானமா நாள் குறிச்சு வெச்ச சாதாக் கம்பிக்குத்தான். அதே மாதிரி நிதானமா வெச்ச மருந்துக் கம்பிக்கு ஆறு மாசம். அட்டாக் வந்து வெச்சிருந்தா எந்தக் கம்பியா இருந்தாலும் வழக்கமா ஒரு வருசம். ரத்தம் கசியற ஒடம்புன்னா டாக்டரே கணக்குப் போட்டுக் கொறைப்பாரு. அந்தக் கணக்கைப் போட வேண்டியவரு ஸ்டென்ட் வெச்ச இருதய டாக்டர். பல் டாக்டரும் இல்லை, மாமாவும் இல்லை, நானும் இல்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க. டிஸ்சார்ஜ் சீட்டுல ஆஸ்பத்திரி நம்பர் இருக்கும். நாளைக்குக் காலையில கூப்புட்டு, "பல்லுக்காக ரெண்டு மாத்திரையையும் நிறுத்தச் சொல்றாங்க"ன்னு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க. டோக்கன் தானா முன்னாடி வரும்.

ஈறுல ரத்தம் வாரது இந்த மாத்திரை போடறவங்களுக்கு சகஜம். வேப்பங்குச்சியை விட்டுட்டு மெத்துனு ஒரு பிரஷ் வாங்கிக் குடுங்க. தார் மாதிரிக் கறுப்பா வெளிக்குப் போனா, ரத்த வாந்தி எடுத்தா, அதுதான் அவசரம். பல்வலிக்குன்னு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் எதுவும் எந்தக் கடையிலயும் வாங்கித் தராதீங்க. இந்த ரெண்டு மாத்திரையோட அதுவும் சேந்தா வயித்துல புண்ணாகி ரத்தம் கசியும். பாராசிட்டமால் போதும். கொழம்புல போடற மஞ்சளும் பூண்டும் சாப்பாட்டுக் கணக்கு, அது இருக்கட்டும். மஞ்சள் கேப்சூல் மருந்துக் கணக்கு. டாக்டரைக் கேக்காமத் தர வேண்டாம்.

ஒரு வேலை பண்ணுங்க. டிகாக்ரெலர் கடைசியா என்னிக்கு, எத்தனை அட்டை வாங்குனீங்கன்னு பில்லைப் பாத்து, இப்ப மீதி எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க. ராத்திரி மூச்சு வாங்குதுன்னு சொன்னீங்களே, அதுக்காகத்தான் கேக்கறேன்.

சோமனூர் தறி (செவ்வாய், ராத்திரி 9.05)

கோபி அண்ணன் சொல்றதுதானுங்க சரி. எனக்கு 51 வயசு, ஸ்டென்ட் வெச்சு ரெண்டரை வருசம். தறிக்குடோன்ல வாரம் ஒரு ஷிப்ட்டு மாறும். ராத்திரி ஷிப்ட்டு வந்தா மாத்திரை நேரமே கொழம்பிப் போயிரும். நானும் ரெண்டு வேளை மாத்திரைதான் போட்டேன். டாக்டர்கிட்ட அழுதே சொன்னேன், "தறிச் சத்தத்துல அலாரமும் கேக்கறதில்லீங்க"ன்னு. அப்பறம் எங்க ஊட்டுக்காரி எட்டு மணிக்கு டிபன் டப்பாவுல மாத்திரையை வெச்சு அனுப்ப ஆரம்பிச்சா. சோத்து மேல ஒரு காகிதத்துல மடிச்சு இருக்கும். அதுக்கப்பறம் ஒரு வேளை தப்புனதில்லை.

எனக்கு ஒரு வருசம் முடிஞ்சு ரெண்டுல ஒண்ணை நிறுத்துனாங்க. ஆஸ்பிரின் மட்டும் தொடருது, அது ஆயுசுக்கும்னு சொல்லிட்டாங்க. வெலை கட்டுப்படியாகலைன்னா அய்யன் சொல்லாம மறைப்பாரு பாருங்க, பெரியவங்க அப்படித்தான். மக்கள் மருந்தகத்துல விசாரிங்க.

வெள்ளகோவில் பொண்ணு (செவ்வாய், ராத்திரி 10.20)

அண்ணா, கையெல்லாம் நடுங்குது. வீடியோ கால்ல அம்மாவை எண்ணச் சொன்னேன். மஞ்சப்பையில இருந்த அட்டையெல்லாம் திண்ணையில கொட்டி டார்ச் அடிச்சுக் காட்டுச்சு. பில்லுல 14 மாத்திரை அட்டை நாலு, மொத்தம் 56. வாங்கி முழுசா 20 நாள். 40 போயி 16 இருக்கோணும். ஒரு முழு அட்டை, இன்னொண்ணுல பதிமூணு, மொத்தம் 27 இருக்குது. பதினொண்ணு எச்சா இருக்குங்க.

அய்யன்கிட்டக் கேட்டேன். மொதல்ல "நீ எண்ணுனது தப்பு"ன்னாரு. அப்பறம் சித்தநேரம் பேச்சே இல்லை. கடைசியாத்தான் சொன்னாரு. ராத்திரி மாத்திரை போட்டுப் படுத்தா ஒரு மணி நேரத்துல மூச்சு இழுத்துப் புடிக்கற மாதிரி இருக்குதாம், அதனால ஒண்ணுவிட்டு ஒருநாள் ராத்திரி மாத்திரையைத் தலகாணிக்கடியில வெச்சுட்டு, வெடியால மறுக்கா அட்டையோட சொருகி வெச்சிருக்காரு. "உங்கம்மா பயந்துக்குவா, நீயும் அத்தனை தூரத்துல இருந்து ஓடி வருவே"ங்கறாரு. கார்டுலயும் சிரோலிமஸ்னு தெளிவாப் போட்டிருக்குங்க. நானே கையில வெச்சுக்கிட்டுப் படிக்காம இருந்திருக்கேன்.

கோபி மருந்துக்கடை (செவ்வாய், ராத்திரி 10.31)

பயப்படாதீங்க, இப்பத் தெரிஞ்சது நல்லதுங்க. டிகாக்ரெலருக்கு மூச்சு வாங்கற பக்கவிளைவு உண்டு, நெறையப் பேருக்கு வரும். ஆனா இருதயம் பலவீனமானாலும் படுத்தா மூச்சு வாங்கும். ரெண்டுல எதுன்னு ஊட்ல இருந்து சொல்ல முடியாது, அதனால நாளைக்கே கூட்டிட்டுப் போங்க.

ராத்திரி மாத்திரை ஏன் முக்கியம்னு அய்யனுக்குச் சொல்லுங்க. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் ஒரு தட்டணுவைத் தொட்டா அதோட ஆயுசு முடியற வரைக்கும் விடாது, ஏழு முதல் பத்து நாள். டிகாக்ரெலர் அப்படியில்லை. புடிக்கும், கொஞ்ச நேரத்துல விட்டுரும். அதனாலதான் ரெண்டு வேளை. ராத்திரி விட்டா வெடியறதுக்குள்ள புடி தளர்ந்துரும்.

விட்டுப்போன பதினொண்ணுக்கும் சேத்து ரெண்டு ரெண்டாப் போட்டுறாதீங்க. இன்னிக்கு ராத்திரிது ஒண்ணு மட்டும். மூச்சு ரொம்ப இழுத்தா, நெஞ்சு வலிச்சா, வேர்த்தா, என்னைய எதுவும் கேக்க வேண்டாம், நேரா 108.

கோவை பல் மருத்துவர் (புதன், காலை 6.50)

நான் பல் மருத்துவரா 15 வருஷமா இருக்கேங்க. மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் கெட்ட எண்ணத்துல சொல்லியிருக்க மாட்டார். எங்களுக்கு முந்தைய தலைமுறையில அப்படித்தான் கத்துக்கொடுத்தாங்க. 2007லயே அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் சேர்ந்து, ஸ்டென்ட் வெச்சவங்களுக்குப் பல் வைத்தியத்துக்காக இந்த மாத்திரைகளை நிறுத்துற பழக்கம் ஆபத்துன்னு எச்சரிச்சாங்க. அது இன்னும் எல்லா கிளினிக்குக்கும் போய்ச் சேரலை. எங்க தொழிலைச் சேர்ந்த ஒருத்தனா எனக்கு அது வலிக்குது.

யோசிச்சுப் பாருங்க. பல் எடுத்த குழி கண்ணுக்கு முன்னாடி இருக்கு. ரத்தம் வந்தா விரலால அழுத்தலாம், தையல் போடலாம். ஸ்டென்ட்டுக்குள்ள கட்டி விழுந்தா யாரால விரலை வைக்க முடியும்?

ரெண்டு மாத்திரையும் ஓட ஓடவே பல் எடுக்கலாம். நான் எடுக்கற விதம் சொல்றேன். காலையில முதல் ஆளா வரச்சொல்வேன், அப்பதான் மதியம் கசிஞ்சா பகல்லயே திரும்பப் பார்க்க முடியும். ஒரு தடவைக்கு ஒரு பல், அதிகம் போனா ரெண்டு. எடுத்ததும் குழிக்குள்ள ஜெலட்டின் ஸ்பாஞ்ச் வெச்சு, மேல தையல். ரத்தக் கசிவை நிறுத்துற டிரானெக்சாமிக் ஆசிட் மருந்துல நனைச்ச பஞ்சை அரைமணி நேரம் அசையாம கடிச்சுக்கிட்டு என் கண்ணு முன்னாடியே உட்காரணும். நின்னதைப் பார்த்துட்டுத்தான் அனுப்புவேன். அன்னைக்கு முழுக்க வாய் கொப்பளிக்கக் கூடாது, காறித் துப்பக் கூடாது, சூடா எதுவும் கூடாது. எச்சில்ல லேசா சிவப்பு கலந்து ஒருநாள் வரும், அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை விட்டுடக் கூடாது.

வீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதினா டிகாக்ரெலர் சாப்பிடறதை அவசியம் சொல்லுங்க. கிளாரித்ரோமைசின் அதோட சேரவே கூடாது, ரத்தத்துல டிகாக்ரெலர் அளவு எக்கச்சக்கமா ஏறிடும். சீழ் வெச்ச பல்லை மாசக்கணக்கா தள்ளிப்போடறதும் தப்பு. இருதய மருத்துவர் கையெழுத்தோட ஒரு வரி எழுதி வாங்கிக்கிட்டு, இந்த மாதிரி நோயாளிகளுக்குப் பழகின ஒரு பல் மருத்துவர்கிட்டயோ பல் மருத்துவக் கல்லூரியிலயோ காட்டுங்க.

வெள்ளகோவில் பொண்ணு (அடுத்த வாரம், வியாழன், பொழுதோட 7.30)

அண்ணா, பல் டாக்டர் அண்ணா, சோமனூர் அண்ணா, உங்க எல்லாருக்கும் நடந்ததை எழுதிடறேன்.

புதன்கிழமை காலையில ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி கோபி அண்ணன் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். "உடனே கூட்டிட்டு வாங்க, எதையும் நிறுத்தாதீங்க"ன்னாங்க. ஈசிஜி, எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாங்க. பம்பிங் நல்லா இருக்குது, மூச்சு வாங்கறது மாத்திரையாலதான்னு சொல்லிட்டாரு. டாக்டர் திட்டவே இல்லீங்க. அய்யன் கையைப் புடிச்சுக்கிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே மாத்தித் தந்திருப்பனே"ன்னாரு. அய்யன் தலையைக் குனிஞ்சுட்டாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

டிகாக்ரெலருக்குப் பதிலா க்ளோபிடோக்ரெல் எழுதுனாரு. கடைசி டிகாக்ரெலர் போட்டு 24 மணி நேரம் கழிச்சு, முதல் வேளை மட்டும் 75 மில்லிகிராம் மாத்திரை எட்டு ஒட்டுக்கா, அதுக்கப்பறம் வெடியால ஒண்ணு. எட்டு மாத்திரையை உள்ளங்கையில வெச்சுட்டு அய்யன் என்னையப் பாத்தாரு, நான் அவரைப் பாத்தேன். அவரு ஒடம்புக்குப் பாத்துச் சொன்ன கணக்கு இது, தயவு பண்ணி யாரும் ஊட்ல செஞ்சு பாக்காதீங்க. வயித்து மாத்திரை பான்டோப்ரசோலே இருக்கட்டும், ஒமிப்ரசோல் வாங்கிறாதீங்க, அது க்ளோபிடோக்ரெலோட வேலையைக் கெடுக்கும்னும் சொன்னாரு. ஆஸ்பிரின் அப்படியே தொடருது. தீபாவளி வரைக்கும் ரெண்டும்.

"ரெண்டு மாத்திரையும் தொடரட்டும், பல்லை எடுக்கலாம்"னு அவரு எழுதிக் குடுத்த சீட்டோட திங்கக்கிழமை ஒரு பல் மருத்துவக் கல்லூரியில எடுத்தோம். பல் டாக்டர் அண்ணன் எழுதுன மாதிரியே தையல், நனைச்ச பஞ்சு. கெடிகாரத்தைப் பாத்துட்டே இருந்தேன், 25 நிமிசத்துல நின்னுருச்சு. ராத்திரி எச்சில்ல கொஞ்சூண்டு செவப்பு, மறுநாள் அதுவும் இல்லை. மூணாம் நாள் ராத்திரி, "இன்னிக்கு மூச்சு நல்லா இருக்குது கண்ணு"ன்னு அவரே போன் பண்ணிச் சொன்னாரு. அவரா எனக்கு போன் பண்ணதே இதுதான் மொத தடவை.

மாமாகிட்டக் கார்டைக் காட்டுனேன். கண்ணாடியைப் போட்டுப் படிச்சுட்டு, அவரு பங்காளி ஒருத்தருக்குப் போன வருசம் ஸ்டென்ட் வெச்சிருக்காங்களாம், உடனே அவருக்கு போன் போட்டு நீ என்ன மாத்திரை போடறேன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாரு.

ஒரு சந்தேகம்ணா. டிகாக்ரெலர் ஒரு முழு அட்டையும், வெட்டுனதுல பத்துப் பன்னெண்டும் மீதி கெடக்குது. அந்தப் பங்காளிக்கு அதே மாத்திரைதானாம், தந்துடுன்னு மாமா கேக்கறாரு. தரலாமுங்களா?

கோபி மருந்துக்கடை (வியாழன், ராத்திரி 9.15)

ரொம்ப சந்தோசமுங்க அம்மிணி. இந்த வரியைப் படிச்சு எங்க அண்ணனுக்கும் சொன்னேன்.

மாத்திரையை யாருக்கும் தர வேண்டாம். வெட்டுன அட்டையில தேதி பக்கம் போயிருந்தா அது எப்ப காலாவதின்னே தெரியாது. பில்லு இருக்குதில்ல, முழு அட்டையை மட்டும் வாங்குன கடையில திருப்பி எடுத்துக்குவாங்களான்னு கேளுங்க. மீதியையும் அவங்ககிட்டயே குடுத்துருங்க, ஊட்ல வெக்காதீங்க. பழைய பழக்கத்துல அய்யன் ராத்திரி எடுத்துப் போட்டுட்டாருன்னா டிகாக்ரெலரும் க்ளோபிடோக்ரெலும் ஒண்ணாச் சேந்துரும். அந்த மஞ்சப்பையை இன்னிக்கே ஒருதரம் கொட்டிப் பாத்துருங்க.